பேக்கப் இருக்கு... திரும்ப வருமா?

'எடுத்தாச்சு' என்று நிம்மதியாக இருக்கிறோம். எடுத்து வைத்ததை ஒரு தடவையாவது திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறோமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். மாலை ஆறரை மணி. நாலு பேர் நின்றாலே நிரம்பிவிடும் ஒரு சர்வீஸ் கடை. லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவர். கட்டைப் பையில் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கடைப் பையன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டிப் பார்த்தான். காதருகே வைத்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான்.

பெரியவர் பதறவில்லை. "பரவாயில்ல தம்பி, புது டிஸ்க் போட்டுடு. டேட்டா என்கிட்ட இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் மேல் காய்ந்து கிடந்தது. மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல், கடை சாத்துவதற்கு முன்னால் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறார்.

பையன் செருகினான். திரையில் வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் தேதி. நூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு ஐகான், அதன் இடது மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. அளவு 2 கேபி.

"ஐயா, இது ஷார்ட்கட்" என்றான் பையன், குரலைத் தாழ்த்தி. "வீட்டு அட்ரஸைத்தான் வாராவாரம் எழுதி வச்சிருக்கீங்க. வீடு இதுல இல்ல."

பெரியவர் அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கவனமில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்யாத வேலையை வாராவாரம் செய்தவர் அவர். ஒரே ஒரு சனிக்கிழமை அந்தப் பென் டிரைவைப் பக்கத்துக் கடைக் கணினியில் செருகித் திறந்திருந்தால் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேக்கப் எடுக்கச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் எத்தனை பேர்?

ஐந்து வழி இருந்தது, ஒன்றும் கை கொடுக்கவில்லை

கணினியே தொழிலாக இருப்பவர்களுக்கு இப்படி நடக்காது என்று நினைத்தால், 2017 ஜனவரி 31 இரவைப் பார்க்க வேண்டும்.

உலகெங்கும் உள்ள மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேர்த்து வைக்கும் தளம் கிட்லேப். அன்றிரவு அதன் டேட்டாபேஸில் சுமை கூடி, மூல சர்வருக்கும் அதன் நகல் சர்வருக்கும் இடையிலான ஒத்திசைவு நின்றுபோனது. நகலைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று, நாளெல்லாம் உழைத்துக் களைத்திருந்த ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடிகளில் அவருக்கு உறைத்தது. அவர் நின்றுகொண்டிருந்தது நகலில் அல்ல, மூலத்தில். நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

இதுவரை நடந்தது மனிதத் தவறு. யாருக்கும் வரும். அடுத்து நடந்ததுதான் நம் பாடம்.

பேக்கப் எங்கே என்று தேடினார்கள். தினமும் எடுத்து அமேசான் கிளவுடில் சேர்க்க ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அந்தப் பெட்டி காலி. டேட்டாபேஸின் பதிப்பு 9.6, பேக்கப் எடுக்கும் கருவி தவறுதலாக 9.2-க்கு உரியதை இயக்கிக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றது. தோற்றதும் மின்னஞ்சலில் எச்சரிக்கை போக வேண்டும், போகவும் செய்தது. ஆனால், முறையான சான்று இல்லாத அஞ்சல் என்று மெயில் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. டிஸ்க்கையே படம் பிடித்து வைக்கும் வசதி மற்ற சர்வர்களுக்கு இருந்தது, டேட்டாபேஸ் சர்வருக்கு இல்லை. பேக்கப்புக்கும் நகலுக்கும் என்று வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை என்று அவர்களே ஊரறிய எழுதினார்கள்.

காப்பாற்றியது ஒரு தற்செயல். ஆறு மணி நேரத்துக்கு முன்னால், வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதி. அதை வைத்துத் தளத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்தப் பிரதி மெதுவான டிஸ்க்கில் இருந்ததால், நகலெடுக்க மட்டும் ஏறத்தாழ 18 மணி நேரம். இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயே போய்விட்டன: சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொறியாளரை யாரும் பலிகடா ஆக்கவில்லை. அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன்.

தொப்பி போனது, பூட்ஸ் போனது...

1998-ல் பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால், திரையில் உட்டி பொம்மையின் தொப்பி காணாமல் போனது. பிறகு பூட்ஸ். பிறகு உட்டியே இல்லை. சில நொடிகளில் படத்தின் 90 சதவீதம் மறைந்துவிட்டது. பேக்கப் போடலாம் என்று போனால், அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி, தன் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் கிடத்தி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளியானது.

'வெற்றி' என்று சொன்ன வெற்றுக் கோப்பு

இவையெல்லாம் பெரிய இடத்துக் கதைகள். நம் வீட்டு மேசையில் இருப்பது விண்டோஸ் கணினி. அது காட்டும் 'முடிந்தது' என்ற சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

விண்டோஸின் உயிர்நாடி 'ரெஜிஸ்ட்ரி' எனும் பதிவேடு. அது கெட்டால் கணினி எழுந்திருக்காது. அதனால் விண்டோஸ் அதற்குத் தானாகவே ஒரு நகல் எடுத்துத் தனி ஃபோல்டரில் வைக்கும். சர்வீஸ் செய்பவர்கள் பலமுறை அதை எடுத்துப் போட்டுக் கணினியை எழுப்பியிருக்கிறார்கள். 2018-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இட மிச்சத்துக்காக வேண்டுமென்றே செய்த மாற்றம் அது. ஆனால், பேக்கப் எடுக்கும் அந்தப் பணி வழக்கம்போல் ஓடியது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்றே பதிவும் செய்தது. ஃபோல்டரில் கோப்புகளின் பெயர்களும் சரியாக இருந்தன. அளவு மட்டும் 0 கேபி. கணினி படுத்த பிறகு இதைப் பார்த்தவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று வெளியான விண்டோஸ் 11 அப்டேட் பல கணினிகளில் ஒரு கோளாறைக் கொண்டுவந்தது. விண்டோஸ் ஓடும்போது யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் நன்றாக வேலை செய்தன. மீட்புத் திரைக்குள் நுழைந்தால் மட்டும் இரண்டும் செத்துவிட்டன. 'சரிசெய்' என்ற பொத்தான் கண்ணெதிரே இருக்கும், அழுத்த வழியிருக்காது. ஆறு நாளில், அக்டோபர் 20 அன்று, அவசரத் திருத்தம் வந்தது. அந்த ஆறு நாளில் மீட்புத் திரைக்குப் போகாத எவருக்கும் இப்படியொரு கோளாறு இருந்ததே தெரியாது.

ஆபத்தின் இயல்பே இதுதான். கணினி நலமாக இருக்கும்வரை மீட்பு வழியில் உள்ள ஓட்டை வெளியே தெரியாது. நாமே போய்த் தட்டிப் பார்த்தால்தான் உண்டு.

┌ பெட்டிச் செய்தி ┐
கதவு திறக்கிறதா? ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம்

● விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீல நிற மீட்புத் திரை வர வேண்டும். கீபோர்டு, மவுஸ் இரண்டும் அங்கே வேலை செய்ய வேண்டும். எதையும் மாற்றாமல் 'கன்டினியூ' கொடுத்து வெளியே வாருங்கள்.

● ரெக்கவரி பென் டிரைவ் இருந்தால், அதைச் செருகி அதிலிருந்து கணினி எழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே உருவாக்குங்கள். குறைந்தது 16 ஜிபி பென் டிரைவ் வேண்டும். அதிலிருக்கும் பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள்.

● அந்தப் பென் டிரைவில் விண்டோஸ் மட்டுமே இருக்கும். உங்கள் போட்டோ, கணக்கு, கடிதம் எதுவும் இருக்காது.

● பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் சோதனையை நீங்கள் இப்போது பயன்படுத்தும் டிஸ்க்கின் மேல் செய்யவே கூடாது. தனி டிஸ்க் வேண்டும்.
└

48 இலக்கங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, என் லேப்டாப்பை நானே சோதித்துப் பார்த்தேன். முழு டிஸ்க்கையும் படம் பிடித்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன் என்ற தைரியம். பக்கத்தில் ஒரு பழைய எஸ்எஸ்டி. லேப்டாப் இன்று செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு உட்கார்ந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் செய்து வைத்த ரெக்கவரி பென் டிரைவ் எழவேயில்லை. வேறொன்று செய்தேன், எழுந்தது. என் டிஸ்க்கைத் தொட முயன்றதும் ஒரு நீலத் திரை 48 இலக்க எண்ணைக் கேட்டது. பிட்லாக்கர் பூட்டு. நான் பூட்டவே இல்லையே என்று திகைத்தேன். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல புதிய லேப்டாப்புகளில் விண்டோஸ் 11 தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. திருடு போனால் நல்ல பாதுகாப்பு. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. கணக்கின் பாஸ்வேர்டு எங்கே? லேப்டாப்பின் பிரவுசரில் சேமித்து வைத்திருந்தேன். ஓடிபி போனதோ நான் விட்டுவிட்ட பழைய மொபைல் எண்ணுக்கு.

லேப்டாப் நிஜமாகவே செத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சோதனைதான் என்பதால் வழக்கம்போல் விண்டோஸுக்குள் போய் அந்த எண்ணை எடுத்தேன். ஆறு ஆறாக எட்டுக் கட்டம். நோட்டில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்தேன். பிறகு, படத்தைப் பழைய எஸ்எஸ்டியில் இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எழுந்தது! அதே வால்பேப்பர், அதே தமிழ் எழுத்துருக்கள். சந்தோஷத்தில் என் பெண்ணின் போட்டோ ஃபோல்டரைத் தேடினேன். இல்லை. நான் எடுத்து வைத்த படம் சி டிரைவுக்கு மட்டும். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த அத்தனை படங்களும் டி டிரைவில். அதற்கு எங்கும் ஒரு பிரதிகூட இல்லை.

அன்றிரவு பத்து மணிவரை நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஃபோல்டர் முழுவதும் வெளி டிஸ்க்கில் ஏறி, பக்கத்து அறைக் கணினியில் பத்துப் படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் சாப்பிட்டேன்.

அந்த 48 இலக்கங்களின் அருமையை 2024 ஜூலை 19 அன்று உலகமே உணர்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஓர் அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் உறைந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்னவோ எளியதுதான், மீட்புத் திரைக்குள் போய் ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கணினியிடமும் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. பூட்டிய கணினியென்றால் 48 இலக்கமும் வேண்டும். சில நிறுவனங்களில் அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வரே நீலத் திரையில் நின்றது.

திரும்பி வராதபோது

2022 நவம்பர் 23 காலை, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முடக்கியது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக அரசு பிற்பாடு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. புறநோயாளி பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு, பில், டிஸ்சார்ஜ் எல்லாமே கையெழுத்துக்குத் திரும்பின. வட இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் இருந்து ஏழைகள் வந்து வரிசையில் நிற்கும் இடம் அது. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் பெரும்பாலான சேவைகள் திரும்பின. திரும்பியதற்குக் காரணம், தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர். அதிலிருந்து எடுத்துப் புதிய சர்வர்களில் போட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு வாரம். பேக்கப் நன்றாக இருந்தும் அவ்வளவு நாள். தகவல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எத்தனை நாளில் வரும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை ஒத்திகையில்தான் கிடைக்கும். ஒத்திகையில் ஒன்பது மணி நேரம் ஆகிறது என்று தெரிந்தால், அந்த ஒன்பது மணி நேரத்துக்குக் காகிதப் படிவங்களை அச்சடித்து வைக்கலாம். தெரியாவிட்டால் நோயாளிதான் காத்துக் கிடக்க வேண்டும்.

2017 ஜூன் 27 அன்று கப்பல் நிறுவனமான மேர்ஸ்க், நாட்பெட்யா வைரஸில் சிக்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம்கூட ஸ்தம்பித்தது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் மைய சர்வர்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்றின் நகலாக இன்னொன்று இருந்ததால், எதற்கும் தனியாக பேக்கப் தேவையில்லை என்ற நம்பிக்கை. வைரஸ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழித்தது. தப்பியது ஒன்றே ஒன்று, கானா நாட்டில். அந்த நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை! அங்கிருந்தவர்களுக்கு இங்கிலாந்து விசா இல்லாததால் ஒருவர் அந்த டிஸ்க்கை நைஜீரியாவுக்கு விமானத்தில் எடுத்துப்போய் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் லண்டன் கொண்டுசேர்த்தார். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள். எங்கோ ஓர் ஊரின் மின்வெட்டில் ஒரு பெரும் நிறுவனம் பிழைத்தது.

தென் கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியோன் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் நின்றன. பல மெல்ல மெல்லத் திரும்பின. ஆனால், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமிக்கும் 'ஜி-டிரைவ்' திரும்பவில்லை. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியே வேறெங்கும் நகல் வைக்கவில்லை. பணியாளர் மேலாண்மை அமைச்சகத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் அதில்தான் வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. விதியை மதித்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். எனக்கு அந்த மளிகைக் கடைப் பெரியவர் ஞாபகம் வந்தது.

┌ பெட்டிச் செய்தி ┐
3 - 2 - 1

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு இது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு மூன்றாவது எண்ணை விளக்கவே வேண்டாம். மேசைக்கடியில் சிபியு, அதே மேசையின் டிராயரில் ஹார்ட் டிஸ்க் என்றால், வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ரான்சம்வேருக்கும் இது பொருந்தும். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க்கையும் அது சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்ததும் கழற்றி வையுங்கள்.
└

இது யார் வேலை?

ஏன் யாரும் பேக்கப்பைச் சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்வியைக் கிட்லேப் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. அவர்கள் எழுதிய பதில், அது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை என்பதுதான். நம் ஊர் அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் மாணவர் பதிவேடு இருக்கிறது, கல்யாண ஸ்டூடியோவில் பத்து வருஷத்து ஆல்பங்கள், ஆடிட்டர் ஆபீஸில் ஐம்பது கட்சிக்காரர்களின் கணக்கு. பேக்கப் எடுப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சோதிக்க யாரையும் நியமிப்பதில்லை. கணினி விற்றவர் ஆண்டு ஒப்பந்தத்தில் தூசி தட்டுகிறார், வைரஸ் பார்க்கிறார். அந்த ஒப்பந்தத் தாளில் 'வருடத்துக்கு இரண்டு முறை வேறு கணினியில் பேக்கப்பைப் போட்டுக் காட்ட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? முதலாளிகள் அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு ஞாயிறு மதியம் போதும். எல்லாக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. பழையதில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, மிகப் பெரிய வீடியோ ஒன்று என்று எடுத்து, கட்டாயம் வேறு கணினியில் திறந்து பாருங்கள். அதே கணினியில் திறந்தால், அந்த ஷார்ட்கட்கூடத் திறக்கும். பெரியவரை மூன்று வருஷம் ஏமாற்றியது அதுதான். அவரும் அவ்வப்போது க்ளிக் செய்து பார்த்திருக்கிறார். கணக்கு திறந்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடைப் பையனிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். டிஸ்க்கிலிருந்து பாதிதான் தேறியதாம். மீதியைப் பில் புத்தகங்களையும், ஜிஎஸ்டி தளத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்த ரிட்டர்ன்களையும் வைத்துக்கொண்டு, மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்களாம். கடன் பாக்கிப் பட்டியலில் சில பெயர்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. கொடுக்க வேண்டியவர்கள் சிலர் தாங்களாகவே வந்து சொன்னார்களாம்.

"இப்ப எப்படி எடுக்கிறார்?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமைதான் சார். எடுத்ததும் எதிர்க் கடைக்குப் போறார். அவங்க சிஸ்டத்துல போட்டு, அன்னிக்குக் கடைசியா போட்ட பில் நம்பர் வருதான்னு பாக்குறார். அது வந்த பிறகுதான் திரும்பிப் போய்த் தன் கடை ஷட்டரை இறக்குறாராம்."